பதினாறாம் பக்கத்து மௌனம்

நான் எழுதிய ஒரே ஆன்மிகப் புத்தகம் ஒரு கோயில் ஊருக்கான வழிகாட்டி. அந்த ஊரில் அதுவரை நான் கால் வைத்ததே இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். முதலாளி இரண்டு பழைய தலவரலாறுகளைக் கையில் திணித்து, "சுருக்கி எழுதுய்யா" என்றார். சாமி தானாகத் தோன்றிய இடம், குளத்தில் முழுகினால் பாவம் போகும், முன்னோருக்கு நீர் விட்டால் ஏழு தலைமுறைக்குக் கதி என்று எல்லாமே பதினைந்து பக்கத்தில் தீர்ந்துவிட்டது. அச்சடிக்கும் தாளை மடித்தால் பதினாறு பக்கம். மிச்சமான ஒன்று என்னைப் பார்த்து இளித்தது.

"காலியா விட்டா வாங்கறவன் திட்டுவான். எதையாவது போடு" என்றார் முதலாளி.

போட்டேன். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதியையும் வாய் திறக்காமல் மூன்று முறை வலம் வந்தால், பேச்சு விட்டுப்போன உறவு மறுபடி பேசும். கீழே 'பெரியோர் வாக்கு' என்று வேறு போட்டேன். அந்தப் பெரியவர் அன்றைக்கு முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

புத்தகம் பதினோரு பதிப்பு போனது. போன வாரம் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள். அவள் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருஷம். "அவளாப் பேசட்டும்" என்று இவள். மகளும் அதே ரத்தம்தானே, அசையவில்லை. அக்கா பாதியாக இளைத்திருந்தாள்.

"டேய், மூணு சுத்துதானாம். நீ துணைக்கு வா. இதுக்கும் அவ பேசலைன்னா நான் செத்த மாதிரிதான்" என்றாள்.

புத்தகத்தில் என் பெயர் கிடையாது. திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக, பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே போய்ப் பார்த்தால் நூறு பேர் வாயை மூடிக்கொண்டு நடக்கிறார்கள். 'மௌன வலம் இங்கே ஆரம்பம்' என்று பலகை! அக்கா குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு வெறுங்காலில் நடந்தாள். அதிகம் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன முழங்கால். இரண்டாவது சுற்றில் நொண்ட ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நில்லு. இதெல்லாம் பொய். பக்கம் நிரம்பலைன்னு நான்தான் கட்டிவிட்டேன்."

அக்கா ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அந்தப் பார்வைக்கு அப்புறம் முதுகில் ஒன்று விழும். இப்போது விரதம், தப்பித்தேன். அவள் பாட்டுக்கு நடந்தாள்.

பூ விற்கிற அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இங்க பேசக்கூடாதுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கே, பாக்கலையா?"

பார்த்தேன் தாயே, பிழை திருத்தினதும் நான்தான். வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மூன்றாவது சுற்று முடிந்து கோபுரப் படியில் சாய்ந்த பிறகுதான் அக்கா வாய் திறந்தாள். "அறிவு கெட்டவனே! சாமி விஷயத்துலயா உன் கைவரிசை? கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"பயமா இருந்துதுக்கா."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அப்புறம் அழுதாள். "வாயை மூடிக்கிட்டு நடந்தா மனசு சும்மா இருக்குதாடா? முதல் வருஷம் அவ கூப்பிட்டா. ஒரு தடவை இல்ல, ஆறு தடவை. நான்தான் எடுக்கல. யார்கிட்டயும் சொல்லல. போட்டுக் குடு அவளுக்கு."

போட்டேன். மகள் உடனே எடுத்துவிட்டாள். அக்கா ஃபோனை என் பக்கமே தள்ளினாள். நீயே பேசு என்று கையை ஆட்டினாள்.

"மாமா? என்ன ஆச்சு, அம்மாவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்லம்மா. கோயிலுக்கு வந்தோம். அம்மா மூணு சுத்து பேசாம..."

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா?" குரல் உடைந்துவிட்டது. "நான் போன மாசம் வந்து நடந்தேன் மாமா. அப்பவும் அம்மா கூப்பிடவே இல்ல."

இரண்டு பேரை வெறுங்காலோடு நடக்கவிட்ட மகாபாவி நான். இவளிடமாவது முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று, "அம்மாடி, அந்தப் புத்தகத்துல போட்டிருக்கிறது..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் ஃபோனைப் பிடுங்கி, "சொல்லுடி" என்றாள்.