நாக்கில் வைத்த மண்

மண்ணை அறியக் கை மட்டும் போதாது, பல்லும் வேண்டும் என்று டீச்சருக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு சிட்டிகையை முன்பல்லில் வைத்துக் கடித்தால் மணல் நறநறக்கும், வண்டல் மாவாய்க் கரையும், களிமண் ஒட்டிக்கொள்ளும். பள்ளித் தோட்டத்தில் அதை இரண்டாம் வகுப்புக்கும் சொல்லித் தந்தாள். கடித்ததும் துப்பிவிட வேண்டும். பாதிப் பேர் விழுங்கினார்கள்.

சுண்டெலி என்று வகுப்பே கூப்பிடும் சிறுமி, எந்த மண் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். தப்பியதில்லை. அது நாக்கா, சல்லடையா என்று டீச்சர் கேட்டால் கழுத்தை நிமிர்த்திக்கொள்வாள்.

தோட்டத்தின் மேல்மண் லாரியில் வந்தது. அடிமண்ணைக் காட்ட டீச்சர் குழி வெட்டச் சொன்னாள். கறுப்பாக ஓர் அடுக்கு வந்தது. இலைதழை மக்கிய மண் என்று நினைத்து அதையும் கடிக்கக் கொடுத்தாள். இனிக்கிறது என்றாள் சுண்டெலி. வாரக்கணக்கில் அந்தக் குழியையே சுற்றி வந்தாள்.

வலிப்பு வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் ஈயம். பள்ளிக்கு முன்னால் அந்த இடத்தில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை இருந்ததும், ஈயம் ஊறிய மண் இனிக்கும் என்பதும் அப்போதுதான் டீச்சருக்குத் தெரியவந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் பழி போட்டாயிற்று, வாயைத் திறக்காதே என்றார் தலைமையாசிரியர்.

வார்டில் சுண்டெலியின் அம்மா டீச்சருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"மண்ணு தின்னுவாளான்னு டாக்டர் கேக்கிறாரு டீச்சர். தின்னவே இல்லன்னு சாதிக்கிறா. ஆத்திரத்துல ரெண்டு அடி போட்டுட்டேன். நீங்க கேட்டா சொல்லுவா. நீங்கன்னா அவளுக்கு உசுரு."

டீச்சர் குனிந்தாள். உதடு வெடித்திருந்த சிறுமி அவள் காதருகே சொன்னாள்:

"நான் சொல்லல டீச்சர்."

டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அவளை அடிக்காதீங்கம்மா. நான்தான் வாயில வைக்கச் சொன்னேன்."

அம்மா மகளின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள்.

"இவ மட்டுமா?"

வகுப்பு முழுவதும் என்றாள் டீச்சர்.

அம்மா தன் போனை எடுத்து டீச்சரின் மடியில் வைத்தாள்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிடுங்க. இங்கேயே, என் முன்னாடி."

முதல் வீட்டில் யாரோ சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்கள்.