ஹாரிகாவின் நெற்றியில் குங்குமம்

1.

இந்தக் கதை என் ரத்த அழுத்தத்தால் வந்தது, ஒளிப்பானேன். இன்று காலை கிணத்துக்கடவில் மயிலாத்தாளின் மருந்துக்கடைக்கு மாத்திரை வாங்கப் போனேன். மருந்தாளுநர் ஹாரிகா ஸ்டூல்மேல் ஏறி, சுவரில் மாட்டியிருந்த தன் பதிவுச் சான்றிதழைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எம்.பார்ம். சேர இன்றுதான் கடைசி நாள். கோவைக் கல்லூரி கேட்பவை: பி.பார்மில் ஐம்பத்தைந்து சதவீதம், நுழைவுத்தேர்வு மதிப்பெண், இந்தச் சான்றிதழின் அசல்.* முதல் இரண்டும் அவள் பையில் இருந்தன.

(* அது சுவரை விட்டு இறங்கினால் சட்டப்படி கடையைத் திறக்க முடியாது. சேர்த்துக்கொண்டால் அசலைக் கல்லூரியே வாங்கி வைத்துக்கொள்ளும்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நீ போயிட்டா என்ற கடை என்னாகறது?" என்று மயிலாத்தாள் சீறி...

(அடித்துவிட்டேன். வில்லி இல்லாமல் எழுதிப் பழக்கமில்லை, மன்னியுங்கள். தேர்வுக்கு முன் இரண்டு மாதம், மத்தியானமெல்லாம் ஹாரிகாவை உள்ளே படிக்க அனுப்பிவிட்டு, "ஆளு வந்தாக் கூப்புடறேன், போ கண்ணு" என்று முன்னால் காவல் இருந்த மனுஷி அவர்.)

3.

மேலே தொங்கிய சாமந்தி மாலையை எடுத்ததும் ஹாரிகாவுக்குப் பகீரென்றது. போன வாரம் ஆயுத பூஜை. சான்றிதழ்ச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த மயிலாத்தாள், பிரிட்ஜுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைத்த கையோடு சான்றிதழுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். காகிதத்தின் மேலேயே. அதுவும் புகைப்படத்தின் நெற்றியில். அது ஊறி மூக்குவரை இறங்கி, முத்திரையையும் மறைத்திருந்தது. துடைத்தால் கிழியும்.

"அய்யோ அக்கா! மூஞ்சியே தெரியலீங்களே. இது நான்னு எப்படி நம்புவாங்க?"

"உன்ற படிப்பு நல்லா வரோணும்னு சாமியக் கும்புட்டு வெச்சுப்போட்டேன் அம்மணி." என்றார் மயிலாத்தாள்.

ஹாரிகா திட்டத்தான் வாயெடுத்தாள். அந்த மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன. இவர் இல்லையென்றால் பையில் அந்த மதிப்பெண்ணே இருந்திருக்காது.

மயிலாத்தாள் ஷட்டரை இழுத்துவிட்டார். "நானும் வாரேன். பூசுனது நாந்தான்னு ஆபீசர்கிட்டச் சொல்றேன்."

"கடைங்க்கா?"

"கடை கெடக்குது, வா கண்ணு."

பேருந்தில் ஏறும்போது ஹாரிகா, "ரொம்ப நன்றிங்க்கா" என்றாள்.

"எதுக்கு, குங்குமம் பூசுனதுக்கா?"

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

4.

கல்லூரி அலுவலர் படத்தையும் ஹாரிகாவையும் மாறி மாறிப் பார்த்து...

அலுவலர் முகம் சுளித்து...

(எனக்குத் தெரியாது. அவர்கள் இன்னும் திரும்பவில்லை.)

நாளைக் காலை கடை திறந்திருந்தால் எனக்கு மாத்திரை கிடைக்கும். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். சாத்தியிருந்தால் அவள் எம்.பார்ம். மாணவி. "உப்பைக் குறைச்சீங்களா சார்?" என்று கேட்காமல் மூன்று வருடத்தில் ஒருநாளும் எனக்கு அவள் மாத்திரை தந்ததில்லை. நான் இன்று நடமாடுவதே அவள் புண்ணியம்.

இன்னும் இரண்டு மாத்திரை கைவசம் இருக்கிறது. முடிவை நீங்கள் எழுதுங்கள். என்னைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம், நான் பொள்ளாச்சியில் வாங்கிக்கொள்கிறேன். கடையைச் சாத்தியே வையுங்கள்.