முழங்கால் உயர நாற்காலிகள்

திருச்சி காட்டூர் தாயுமானவன் வியட்நாமிலிருந்து வரவழைத்த அறுபது சலூன் நாற்காலிகளும், தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்தபோது முழங்கால் உயரமே இருந்தன. அங்கே ஏற்றும்போது எடுத்த போட்டோவில் அவை ஆள் உட்காரும் நாற்காலிகள்தான். வழியில் சீல் உடையவில்லை, யாரும் கை வைக்கவில்லை. ஆனால் சுங்கத்துக்குக் கொடுத்த பில்லில் தாயுமானவன் விலையை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்திருந்தார். நாற்காலிகளும் அதே அளவுக்குக் குறைந்திருந்தன. பரிசோதித்த அதிகாரி டேப் வைத்து அளந்து, பொய் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் எழுந்து போனார்.

திருச்சி வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. துறையூரில் மருந்து தெளிப்பான் விற்கும் ஒருவர் விலையைப் பத்தில் ஒன்றாகக் காட்டி, வந்த சரக்கை மொத்தமாகப் பொம்மைக் கடைக்குத் தள்ளிவிட்டவர். மன்னார்புரத்தில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ் வைத்திருக்கும் ஜெஸ்லின், புதிதாக வரும் எவருக்கும் முதல் டீயோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுவார். “அண்ணே, வெலைய கொறச்சு எழுதினா சரக்கும் கொறஞ்சுதான் வரும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க.” படித்த பெண் சும்மா பயமுறுத்துகிறார் என்று நினைத்த தாயுமானவன், தலையை நன்றாக ஆட்டிவிட்டுப் பொய் பில்லை மெய் பில் போல அவரிடமே நீட்டினார். இப்படித் தலையாட்டுகிறவர்களை நம்பவே கூடாது.

அவர் கெட்டவர் இல்லை. மனைவி பானு பன்னிரண்டு வருடம் அடுத்தவர் பார்லரில் கால் வீங்க நின்றவள். இப்போதுதான் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், ஆண் பெண் எல்லோருக்குமாகச் சொந்தக் கடை பிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. ஆறு நாற்காலி அவள் கடைக்கு, மற்றவை விற்பனைக்கு. வரியில் மிச்சம் பிடித்து அவளுக்கு ஓர் ஏசி வாங்கி மாட்டிவிடலாம் என்பதுதான் மனிதரின் திட்டம். செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியிலிருந்து திரும்பியவர், கப்பல் லேட் என்று சொல்லிவிட்டு, பசியில்லாமலேயே இரண்டு முறை சாப்பிட்டார். பானு அதிலேயே சந்தேகப்பட்டாள். பீரோவைக் குடைந்தபோது புடவைக்கு அடியில் ஒரு சான்றிதழ் அகப்பட்டது. சரக்கு வியட்நாமிலேயே தயாரானது என்று அந்த நாட்டில் கொடுத்தது. நாற்காலியின் உண்மையான விலை அதில் அச்சாகியிருந்தது.

பானு அதைப் போட்டோ எடுத்து ஜெஸ்லினுக்கு அனுப்பினாள். ஜெஸ்லின் உடனே போன் செய்து, முதலில் அரை நிமிடம் சிரித்தார். நாடுகளுக்கு இடையே உள்ள ஒப்பந்தப்படி இந்த ஒரு காகிதத்தைக் கொடுத்திருந்தால் சுங்க வரியே கிடையாது. கட்டுகிற ஜிஎஸ்டியையும் விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். காகிதத்தில் மெய்யான விலை இருந்ததால், பொய் விலை வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, வரியைத் தள்ளுபடி செய்யும் காகிதத்தையே ஒளித்து வைத்திருக்கிறார் மனிதர்.

“ஏங்க, இருக்கிற வரிக்குப் பொய் சொன்னாலாவது ஒரு அர்த்தம் இருக்கு. இல்லாத வரிக்கு யாராவது பொய் சொல்லுவாங்களா?” என்று கேட்டுவிட்டு பானு அழுதாள். “கப்பல் லேட்டுன்னு என்கிட்டயும் சொன்னீங்களே, அதைத்தான் தாங்க முடியல.” கடை போனாலும் பரவாயில்லை, இந்த ஒரு வார்த்தை போதும் சாவதற்கு என்று தாயுமானவனுக்கு இருந்தது. புதன்கிழமை விடியற்காலை பஸ்ஸிலேயே ஜெஸ்லினோடு தூத்துக்குடிக்குப் போய், தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்து, ஏசிக்கு வைத்திருந்ததை அபராதமாகக் கட்டி, சான்றிதழை நீட்டினார். மறுநாள் மாலை நான்கு மணிக்கு அதிகாரி கம்ப்யூட்டரில் விலையைத் திருத்தியதும், யார்டில் குட்டி நாற்காலிகளை அடைத்து வைத்திருந்த அறுபது சின்ன அட்டைப் பெட்டிகளும், அவை வளர்ந்ததில் வரிசையாகக் கிழிந்தன. மறுபடி அடுக்க வேண்டியிருக்கிறதே என்று லோடுமேன்கள்தான் திட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை கடை திறந்தது, ஃபேன் காற்றில். உயரம் திரும்பினாலும் நாற்காலிகளுக்குப் பழக்கம் விடவில்லை. உட்கார்ந்தவர் எதையாவது குறைத்தோ மறைத்தோ சொன்னால் அவையும் கொஞ்சம் இறங்கின. வயதைச் சொல்லும் பெண்கள் ஒரு சாண் இறங்கினார்கள். டை அடிப்பதே இல்லை என்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் முழங்கால் மோவாயைத் தொட்டது. ஒருவரும் வாடிக்கையை நிறுத்தவில்லை. கணவர்களைக் கூட்டிவந்து உட்காரவைக்க மனைவிமார் வெளியே காத்திருந்ததில் கூட்டம் கூடத்தான் செய்தது.

ஒரு மாதம் கழித்து முடி வெட்டிக்கொள்ள வந்த தாயுமானவனின் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே பானு கேட்டாள், “இனிமே என்கிட்ட எதையும் மறைக்க மாட்டீங்களே?”

“சத்தியமா மாட்டேன்.”

நாற்காலி ஒரு விரற்கடை இறங்கியது. பானு கண்ணாடியில் அவரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை என்று சொல்லி, நாற்காலியின் கால்மிதியை ஒரு மிதி மிதித்து அவரை மேலே ஏற்றிவிட்டு, அவள் வெட்ட ஆரம்பித்தாள்.