தாழிக்குள் ஒரு கிண்ணம்

ஜேசிபியின் கை மண்ணுக்குள் இறங்கி 'டொக்' என்றபோது நான் டீத் தூக்கோடு வரப்பில் நின்றிருந்தேன். பாறை என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்தார். குழிக்குள் இறங்கிப் பார்த்தால் சிவப்பாக, தடிமனாக, ஒரு பானையின் வாய். "போச்சுடா" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பூதலூருக்குத் தெற்கே எங்கள் மேட்டுக் கொல்லையில் பண்ணைக்குட்டை வெட்ட அலையாய் அலைந்து அனுமதி வாங்கியவர். மழைக்குள் வெட்டி முடிக்க வேண்டும். பானை கிடைத்தது தெரிந்தால் தொல்லியல்காரர்கள் வந்து கயிறு கட்டிவிடுவார்கள், அப்புறம் சொந்தக் கொல்லையில் கால் வைக்க அடுத்தவரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குப் பயம். "மூடிடுங்க தம்பி, தள்ளி வெட்டிக்கலாம்" என்றார். மிஷின்காரர் "சரிங்கண்ணே" என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலமே வாட்ஸப் ஸ்டேட்டஸில் பானையைப் போட்டுவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வந்தார்கள். கொல்லையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கயிறு கட்டினார்கள். பரிதி என்று ஒரு பெண்தான் அவர்களுக்கு மேலதிகாரி. சின்ன வயசு. வெயிலில் குந்தி உட்கார்ந்து பெயிண்ட் பிரஷ்ஷால் மண்ணை ஒதுக்கிக்கொண்டே இருப்பாள். "ஏம்மா, புள்ளைக்குப் பவுடர் போடுற மாதிரி தடவிக்கிட்டே இருக்கியே, இது எந்தக் காலத்துல முடியும்?" என்று கேட்டால் சிரிப்பாள். பெரிய கோயில் கட்டுவதற்கு ஆயிரம் வருஷம் முந்தி, அதற்கும் முந்தி, இங்கே இருந்த ஜனங்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள் என்றாள். எனக்கு ராஜா கதை எதுவும் ஏறாது. ஆற்றுக்கு அணை கட்டினவனுக்கு ஒரு கும்பிடு, மற்றவனெல்லாம் எனக்கு ஒன்றுதான். ஆனாலும் தினம் டீ கொண்டுபோனேன். வந்த பிள்ளைகளைக் காயவிட முடியுமா?

தாழியின் மண்ணை வழித்தெடுத்த அன்றைக்குப் பரிதி என்னைக் குழிக்குள் கூப்பிட்டாள். "அக்கா, இது பெரியவங்க இல்ல. குழந்தை."

நான் எட்டிப் பார்த்தேன். எலும்பு என்று சொன்னால்தான் தெரியும், வேர்த்துண்டு மாதிரி கிடந்தது. தாடையில் அரிசி மாதிரி பற்கள், எல்லாம் பால் பற்கள். பக்கத்தில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மண் கிண்ணம். அதன் அடியில் கருத்துப்போன உமி ஒட்டியிருந்தது.

"நெல்லு வச்சிருக்காங்கக்கா. இல்லன்னா சோறு. போற வழியில பசிக்குமேன்னு."

"யாரு வச்சிருப்பா?"

"அது தெரியாதுக்கா. அம்மாவா இருக்கலாம்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தூக்கை அப்படியே போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன்.

சிங்கப்பூரில் இருக்கிறானே என் மகன் ராம்கி, அவனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் இருந்தாள். கயல். தவழ ஆரம்பித்துவிட்டாள். கீழே இரண்டு பல். பருப்புச் சோறு குழைத்து ஊட்டினால் விரலைக் கடிப்பாள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஒன்றாக வந்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் கை தொங்கிவிட்டது. பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பொம்பளை போகக் கூடாது, பெற்றவள் போகவே கூடாது. என் பழைய சேலையில் சுற்றி இவர் தூக்கிக்கொண்டு போனார், கூட இவர் பெரியப்பா மண்வெட்டியோடு. நான் வாசல் வரைக்கும் ஓடினேன், பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கே பால் கட்டிக்கொண்டு நெஞ்சு தெறித்தது. பால் வற்றட்டும் என்று என் அம்மா மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினாள். அதற்கப்புறம் நான் மல்லிகை வைப்பதில்லை. ஏன் என்று இந்த ஊரில் ஒருத்தர் கேட்டதில்லை. அத்தனை சின்னதுக்குத் திதி கிடையாது, படையல் கிடையாது. பேச்சு எடுத்தால் "அடுத்தது பொறக்கும்" என்றார்கள். பிறந்தது. அதனால் என்ன?

மத்தியானம் இவர் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிவிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, கயலை எங்க வச்சீங்க?"

சோற்றில் இருந்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை, இவர் சொன்னதுமில்லை.

"இப்ப எதுக்கு அது? வாய்க்கா கரையிலதான்."

"எந்த இடத்துல?"

"கரையில எங்கயோ. விடு ஜெயா."

"எங்கயோன்னா? பெத்த புள்ளைய எங்கயோ போட்டுட்டு வர்றதுக்கு அது என்ன குப்பையா? அந்தக் காலத்துக்காரி பக்கத்துல போயி சோறு வச்சுட்டு வந்துருக்கா. எனக்கு இடத்தையாவது காட்டுங்க."

"பொம்பளைங்க போகக் கூடாது."

"எனக்கு இனிமே என்ன கெட்டுறப் போவுது?"

இவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். பைக்கை எடுக்கவில்லை. முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். வாய்க்கால் மதகு தாண்டியதும் இவர் நடை மெதுவாகிவிட்டது. கடைசியில் நின்றார். அங்கே கரை என்று எதுவும் இல்லை. வாய்க்காலை அகலப்படுத்தி இரண்டு பக்கமும் சாய்வாக சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல எது?"

இவர் காட்டக் கையைத் தூக்கினார். தூக்கின கை ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"ஒரு கருங்கல்லு வச்சிருந்தேன் ஜெயா. ஒனக்குத் தெரியாம வருவேன். கரைய வெட்ட மிஷின் வந்தப்ப நாள் பூரா இங்கயேதான் நின்னேன். மெதுவா வெட்டுங்கன்னு கெஞ்சினேன். என்னாங்க, பொதையலான்னு கேட்டு சிரிச்சான். ஒரு வாரி வாரினான், கல்லோட போயிடுச்சு. லாரியில ஏத்துன மண்ணை எங்க கொட்டுனான்னு அலைஞ்சேன். ஒரு துணி, ஒரு எலும்பு, எதுவும் கண்ணுல படல. ஒங்கிட்ட வந்து என்னன்னு சொல்லுவேன்?"

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அப்பா செத்தபோதுகூட இவர் அப்படி அழவில்லை. எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. என் பிள்ளை இரண்டாவது தடவையாகப் போய்விட்டாள் என்றுதான் இருந்தது. ரெத்தினம் என்று இவர் பேரைச் சொன்னால் ஊரில் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பரிதி ஆட்கள் சாமான்களைக் கட்டினார்கள். வேறு தாழி எதுவும் இல்லையாம், நாங்கள் குட்டையை வெட்டிக்கொள்ளலாமாம். தாழியைத் துணி சுற்றி, வைக்கோல் வைத்து வேனில் ஏற்றினார்கள். எலும்புகள் ஒரு பெட்டியில், கிண்ணம் ஒரு பெட்டியில்.

"ஏம்மா, கிண்ணத்தைப் புள்ளையோடயே வச்சிருங்களேன்."

பரிதி என் முகத்தைப் பார்க்கவில்லை. "எலும்பு சோதனைக்குப் போகுதுக்கா. கிண்ணம் மியூசியத்துக்கு. தனித்தனியாத்தான் போகும்." என் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிருங்கக்கா."

அவள் என்ன செய்வாள் பாவம். வேன் போய்விட்டது.

நான் வீட்டுக்குப் போய் அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குழைய வேகவைத்தேன். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். மிஷின்காரர் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். இவர் குழிக்குப் பக்கத்தில் நின்றார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

குழிக்குள் இறங்கினேன். தாழி இருந்த இடம் வட்டமாக, வழவழவென்று இருந்தது. அதன் நடுவில் கிண்ணத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கு வைத்தேன் என்று தெரியவில்லை.

மேலேயிருந்து இவர் குரல் வந்தது.

"நெய் ஊத்துனியா?"

நிமிர்ந்து பார்த்தேன். நெய் இல்லாமல் அவள் வாயைத் திறக்க மாட்டாள். நான்தான் ஊட்டுவேன், இவர் அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"மறந்துட்டேங்க."

"இரு. தம்பிய வெட்ட வேணாம்னு சொல்லு. இரு."

செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி வலிக்கிற அந்த மனுஷன் வரப்பின் மேல் வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.