கிரேன்காரரின் வயிறும் ஒரு வாரக் கெடுவும்

நூற்றைம்பது அடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புக் கட்டுகளைப் பூப்போல இறக்கி வைக்கிற மனுஷர், திங்கட்கிழமையிலிருந்து கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்குள் அடங்கிப்போனார். கிரேன் உச்சியில் கழிப்பறை கிடையாது. ஏணியில் இறங்கி வரப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் தர அவர் வயிறு தயாராக இல்லை என்பது குடியிருக்கும் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் தெரியும். கதவு சாத்துகிற சத்தம் அப்படி.

பெருங்குடலில் கிருமித் தொற்று என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். "சாதாரணமா ஒரு வாரம்மா. சில பேருக்கு ரெண்டு மூணு வாரம்கூட இழுக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் நிறையக் குடுங்க. காய்ச்சலும் ரத்தமும் இருக்கறதால, போறதை நிறுத்தற மாத்திரை மட்டும் வேண்டாம்."

மனைவி காதில் எல்லாம் விழுந்தது. கிரேன்காரர் காதில் 'ஒரு வாரம்' மட்டும் விழுந்தது. அதையும் ரயில் வருகிற நேரம் மாதிரி எடுத்துக்கொண்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர் சீட்டில் இப்போது வேறொருவன் உட்கார்ந்திருந்தான். கட்டட சைட்டில் அவனுக்குப் பெயர் கூலிங்கிளாஸ். அடுத்த திங்கட்கிழமை இவர் ஏறாவிட்டால் கட்டடம் முடிகிறவரை அவனே என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். முடிய இன்னும் ஒன்றரை வருஷம்.

தினமும் இன்ஜினியரிடமிருந்து போன். "இன்னும் எத்தனை நாள்மா?" மாடிவீட்டுக்காரியும் கேட்டாள். பால்காரரும் கேட்டார். வியாழக்கிழமை மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"அவர் வயித்துக்குள்ள காலண்டர் மாட்டிட்டு வந்து சொல்றேன்."

பால்காரர் அதன் பிறகு பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சனிக்கிழமை அவள் தம்பி வந்தான். அதே சைட்டில் கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன். அக்கா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மாமா கையில் ஒரு மாத்திரை அட்டையைத் திணித்தான். மாலைக்குள் கழிப்பறை ஓய்ந்தது. கிரேன்காரர் ஹெல்மெட்டைத் துடைத்து வாசலில் மாட்டினார். ஞாயிறு காலை வயிறு மத்தளமாக உப்பியது. காய்ச்சல் அனலாய் அடித்தது. தலையணைக்கடியில் அட்டை கிடைத்தது.

மறுபடியும் டாக்டர். பார்த்து, மருந்தை மாற்றிக் கொடுத்தார். "எப்ப சரியாகும்னு மட்டும் கேக்காதீங்க. குடலுக்கு நான் கெடு வைக்க முடியாது."

வெளியே வந்ததும், கூட வந்திருந்த தம்பியைப் பிடித்தாள். "ஏண்டா, நீ சைகை காட்டறது கிரேனுக்கா, குடலுக்கா?"

"மாமா சீட்டு போயிடுமேன்னுதான்க்கா."

"சீட்டு போனா வேற சீட்டு தேடலாம். குடலுக்கு எங்கடா போறது?"

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போன் அடித்தது. சீட்டைக் கூலிங்கிளாஸுக்கே கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடத்தான் அவளே எடுத்தாள். இன்ஜினியர் முந்திக்கொண்டார்.

"கூலிங்கிளாஸ் பாதி ஏணியில நிக்கறான்மா. மூணு தடவை ஏறி மூணு தடவை இறங்கிட்டான். உங்க தம்பியும் வரல. ஒன்பது பேருக்கு இதே கதை. குடிதண்ணி டிரம்முக்கு மூடியே இல்லன்னு இப்பத்தான் பார்த்தோம்." தொண்டையைச் செருமினார். "வேலைய நிறுத்தியாச்சு. சாருக்குச் சீட்டு அப்படியே இருக்கும், சரியானதும் வரட்டும். ஆமா, இது எத்தனை நாள்ல சரியாகும்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்குங்க சார். சாதாரணமா ஒரு வாரம். சில பேருக்கு ரெண்டு மூணு வாரம்கூட இழுக்கும். டாக்டரைப் பாக்காம யாரும் நிறுத்தற மாத்திரை போட வேண்டாம். முக்கியமா, தினம் போன் பண்ணிக் கேக்காதீங்க. கேட்டா சீக்கிரம் சரியாகாது."

கழிப்பறையிலிருந்து சோர்ந்த குரல் வந்தது. "யாரு போன்ல?"

"உங்க சீட்டு அப்படியே இருக்காம். நீங்களும் அப்படியே இருங்க."