நாலு மணிச் சல்லடை

அந்தப் பண்ணையில் மூன்று வருடமாக, வாரத்துக்கு ஐந்து நாள் விதைக்கிறார்கள். இதுவரை ஒரு செடிகூட முளைத்ததில்லை. மண்ணைக் குறை சொல்லிவிடாதீர்கள், மண் தங்கமான மண். தண்ணீருக்கும் பஞ்சமில்லை. ஏன் முளைக்கவில்லை என்று மேனேஜரைக் கேட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைக் காட்டுவார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிற பண்ணை அது. 'உழவும் உணவும்: பத்தாயிரம் ஆண்டுகள், ஒரே நாளில்!' என்று வாசலில் பெரிய பலகை. ஒன்பதரைக்குப் பேருந்து வரும். பத்துக்கு ஆதிமனிதன் கிழங்கு தோண்டுவான். பத்தரைக்கு மாவு அறையில் பிள்ளைகள் கல்லில் கோதுமை அரைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் மூச்சு வாங்க அரைத்தாலும் ஒரு கிண்ணம் மாவு தேறாது. அதுவும் பாதி கல்லும் தூசியுமாக இருக்கும், கோழிக்குப் போய்விடும். 'நீங்கள் அரைத்த மாவு' என்று மதியம் தருகிற ரொட்டி, கடை மாவில் காலையிலேயே சுட்டு மூடி வைத்தது. பதினொன்றரைக்கு விதைப்பு. அது விதையக்காவின் பொறுப்பு.

விதையக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மேனேஜரும் அதையே பிடித்துக்கொண்டார். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு நாற்றுப்பண்ணையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். விதையைக் கையில் எடுத்துப் பார்த்தே முளைக்குமா முளைக்காதா என்று சொல்லிவிடுவாள். அவள் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு பீன்ஸ் விதையை வைத்து, "விரலை ரெண்டாவது கோடு வரைக்கும் மண்ணுல அழுத்து. போடு. மூடு. பத்து நாள்ல தலைய நீட்டும் பாரு!" என்பாள். பிள்ளைகள் பொம்மைப் பூவாளியில் ஆளுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். அதற்கு மேல் விடக் கூடாது என்பது மேனேஜரின் கட்டளை.

ஏன் கூடாது? மூன்று மணிக்குப் பேருந்து கிளம்பும். நாலு மணிக்கு விதையக்கா பெரிய சல்லடையை எடுத்துக்கொண்டு பாத்திக்கு வருவாள். நாளைக்கு வருகிற பள்ளிக்கு மண் புதிதாக, கை படாததாக இருக்க வேண்டுமே! காலையில் விதைத்த மண்ணை மண்வெட்டியால் கிளறி, சலித்து, விதைகளைப் பொறுக்குவாள். ஊறிப் பருத்தவை குப்பைக் குழிக்குப் போகும். ஊறாதவற்றைத் துணியால் துடைத்து மறுபடி டப்பாவில் போட வேண்டும். அந்த டப்பாவில் கிடக்கிற சில விதைகள் அவளைவிட அதிகப் பிள்ளைகளைப் பார்த்திருக்கும்.

"போடுறதும் நானே, தோண்டுறதும் நானே. இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று சல்லடையை ஆட்டிக்கொண்டே தனக்குத்தானே பொருமுவாள். மேனேஜரிடம் கேட்காமலும் இல்லை. "ஆறு பாத்தி இருக்கு சார். ஒண்ணே ஒண்ணை மட்டும் பத்து நாள் சும்மா விட்டுத் தாங்க. முளைக்கிறதைப் பிள்ளைங்க பாக்கட்டும்." கேட்டுக் கேட்டு அவள் வாய்தான் வலித்தது. "அடுத்த டேர்ம் பாத்துக்கலாம்" என்பார் அவர். அந்த அடுத்த டேர்ம் மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஒரு திங்கட்கிழமை, அவள் பெற்ற மகளின் பள்ளியே வந்து இறங்கியது.

மகளுக்கு எட்டு வயது. அப்பா அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கேள்விப்பெட்டி. எதையும் கேட்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள். அன்று பேருந்தை விட்டு இறங்கியதும், அம்மா என்று கூப்பிடாமல், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து "விதையக்கா, வணக்கம்!" என்றாள். விதையக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விதைப்பின்போது கேள்விப்பெட்டி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் விதையின்மேல் ஒரு நீலப் புள்ளி வைத்தாள்.

"என்னடி இது?"

"அடையாளம். முளைச்சதும் எது என்னுதுன்னு தெரிய வேணாமா?"

"முளைச்சப்புறம் விதை எங்கடி இருக்கும்?"

"தோலு மேல ஒட்டிக்கிட்டே வரும். நீதானே சொன்ன?"

அவள்தான் சொன்னாள். எப்போதோ வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னது. மகள் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். பூரித்துப் போன அதே நொடியில் அவளுக்கு நாலு மணிச் சல்லடையும் நினைவுக்கு வந்தது. மகள் எழுந்து நின்று வகுப்புக்கே அறிவித்தாள்: "யாரும் கவலைப்படாதீங்க! எங்கம்மா இங்கதான் இருக்காங்க. தினமும் பாத்துக்குவாங்க!"

பேருந்து கிளம்பிய கையோடு விதையக்கா மேனேஜர் அறைக்கு ஓடினாள். "சார், இன்னிக்கு ஒரு நாள். இந்த ஒரு பாத்தியை மட்டும் விட்டுடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"உங்க பொண்ணு வந்ததுக்காகவா?" மேனேஜர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு ரெண்டு ஸ்கூல் வருதும்மா. ஆறு பாத்தியும் வேணும். உங்க பொண்ணுக்கு விட்டா, நாளைக்கு டிரைவர் தன் பையனுக்கு ஒரு பாத்தி கேப்பாரு."

நாலு மணிக்குச் சலித்தாள். ஆத்திரத்தில் சல்லடை கையிலேயே உடைந்துவிடும்போல ஆடியது. மண்ணெல்லாம் விழுந்த பிறகு கம்பி வலையில் மிஞ்சிய விதைகளுக்கு நடுவே நீலப் புள்ளி வைத்த விதை ஒன்று உருண்டது. ஊறவில்லை, நல்ல விதை. அதை டப்பாவில் போட அவளுக்கு மனம் வரவில்லை. பண்ணையில் வேலைக்குப் போடுகிற பச்சைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் ஒரு தொட்டியில் நட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அடுப்பு, சமையல், துணி என்று மறந்தே போனாள். மறுநாள் துவைத்துக் காய்ந்த கோட்டின் பையில் கையை விட்டால் விதை இல்லை. எங்கேயோ விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

விதைத்த அன்று சாயங்காலமே கேள்வி ஆரம்பித்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "வந்துச்சாம்மா?"

"ஒரே நாள்லயா? இன்னும் வரலடி."

மறுநாளும் "வந்துச்சாம்மா?" என்றாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் மகள் அவள் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்துக்குப் போய்விடுவாள். அந்த ஒரு நிமிடப் பார்வைதான் அவள் உயிரை வாங்கியது. வீட்டுக்கு வரவே எரிச்சலாக இருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

"நடந்ததைச் சொல்லித் தொலையேன்" என்றார் அவள் கணவர். லிப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. எதையும் திறந்து பார்த்துச் சரி செய்துவிடலாம் என்பது அவர் எண்ணம். "எட்டு வயசுப் பிள்ளை. கொஞ்ச நேரம் அழும், அவ்வளவுதானே?"

"அழுதா அழட்டுங்க. அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் நம்புவாளா? உலகத்துல அவ கேள்வி கேக்காம நம்புற ஒரே ஆள் நான்தான்."

"அப்ப பொய்யை வளத்துக்கிட்டே போ" என்று அவர் திருப்புளியைத் துடைக்கப் போய்விட்டார்.

எட்டாம் நாள். அன்று பார்த்து ஒரு பள்ளியில் எண்பது பிள்ளைகள். சலித்துச் சலித்து அவள் தோள்பட்டை கழன்று விழுந்தது. வாசலிலேயே மகள் நின்றாள். "வந்துச்சாம்மா?"

"வந்துடுச்சு!" என்று வெடித்தாள் அவள். "வந்துடுச்சு, போதுமா? ரெண்டு இலை."

மகள் உடனே துள்ளவில்லை. "ரெண்டு இலையா?"

"ம்."

"நீலப் புள்ளி தெரியுதா?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி அவளுக்கு நேரம் இருந்தது. "தெரியுது" என்றாள்.

மகள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் வகுப்பாசிரியை எல்லார் முன்னாலும் கேட்டபோது, "முளைச்சிடுச்சுன்னு அம்மா சொன்னாங்க" என்றிருக்கிறாள். வகுப்பே கத்தித் தீர்த்திருக்கிறது. ஆசிரியை மேனேஜருக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை வேறொரு இடம் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், கால் மணி நேரம் பிள்ளைகள் தங்கள் செடியைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "பிரமாதம்! போட்டோ எடுத்து வாசல்ல மாட்டுவோம்! நாற்றுப்பண்ணையில நாப்பது கன்னு வாங்கிட்டு வந்து நட்டுடுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தப் பாத்தியை விட்டுடலாம்."

"பத்து நாள் விட முடியாத பாத்தியை இதுக்கு மட்டும் விட முடியுதா சார்?"

"இது கால் மணி நேரம்தானேம்மா!"

அவள் பழைய நாற்றுப்பண்ணைக்கே போக வேண்டியதாயிற்று. "என்ன அக்கா, நீயே விதை போட்டா வராதா? உன் கை ராசியான கையாச்சே!" என்றாள் அங்கே கூட வேலை பார்த்தவள். நறுக்கென்று இருந்தது. கன்றுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை காலை, நாற்பது கன்றுகளையும் நட்டாள். வெறுப்பில் கவனிக்காமல் நட்டும்கூட வரிசை நூல் பிடித்ததுபோல நேராக வந்தது. பதினோரு வருடப் பழக்கம்.

பிள்ளைகள் பாத்தியைப் பார்த்ததும் போட்ட கூச்சல் இருக்கிறதே! "இது என்னுது!" "இல்ல, நான் இங்கதான் நின்னேன்!" மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துத் தள்ளினார்.

கேள்விப்பெட்டி மட்டும் அசையவில்லை. "உன்னுது எதும்மா? நீலப் புள்ளி வெச்சியே?" என்றார் ஆசிரியை.

"ஆமா, புள்ளி எங்க? எதுலயும் காணோமே!" என்று ஒருத்தி குனிந்து தேடினாள். கூச்சல் அடங்கியது. எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள். மகள் நிமிர்ந்து விதையக்காவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மூன்றாவது வரிசையில் ஒரு கன்றைத் தொட்டாள்.

"இதுதான் டீச்சர். நேத்து வரைக்கும் புள்ளி இருந்துச்சாம். தோலு காஞ்சு விழுந்துடுச்சு."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எவ்வளவு சுத்தமான பொய்!

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது யாரும் "வந்துச்சாம்மா?" என்று கேட்கவில்லை. மகள் மேசையில் உட்கார்ந்து பென்சில் டப்பாவைத் திறந்தாள். அழிப்பானுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். நீலப் புள்ளி வைத்த பீன்ஸ் விதை.

"உன் கோட்டுப் பையில இருந்துச்சு."

"எப்படி எடுத்த?"

"அன்னிக்குத் துவைக்கப் போடும்போது. பையெல்லாம் பாத்துட்டுப் போடணும்னு நீதானே சொல்லுவ."

அன்றைக்கே! அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சுதான் தினமும் கேட்டியா?"

"ம்."

"ஏண்டி?"

"நீ எப்ப சொல்லுவன்னு பாத்தேன்."

"அப்ப அங்க ஏன் டீச்சர் முன்னாடி அப்படிச் சொன்ன?"

"உனக்கு வேலை போயிடும்ல" என்றாள் மகள், இதுகூடவா தெரியாது என்பதுபோல. விதையை எடுத்து மறுபடி டப்பாவில் போட்டு மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் அந்தத் தாய்.

திங்கட்கிழமை வந்த பள்ளியில் ஒரு பிள்ளை, "விதையக்கா, எப்ப முளைக்கும்?" என்று கேட்டான். "முளைக்காது" என்றாள். "நாலு மணிக்கு நான் சலிச்சு எடுத்துடுவேன். வேணும்னா பையில போட்டுட்டுப் போய் வீட்டுல நடுங்க." நாற்பது பிள்ளைகளும் விதையைப் பையில் போட்டுக்கொண்டார்கள். மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை, புது ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. அவளை மாவு அறைக்கு மாற்றினார். சல்லடை வேறொருவர் கைக்குப் போனது. இப்போதும் நாலு மணிக்கு அதன் சத்தம் சன்னல் வழியாகக் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் கோதுமையைக் கல்லில் போட்டு வெறி வந்ததுபோல அரைக்கிறாள்.

மாவு அறைக்குப் போன முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது மகளின் நகக்கண்ணில் மண் இருந்தது.

"விதைச்சிட்டியா? எங்கடி?"

"சொல்ல மாட்டேன்."

"அம்மாகிட்டகூடவா?"

"நீ தோண்டிடுவ."

சன்னல் தொட்டியில் இல்லை. மாடியில் இருக்கலாம், பக்கத்து வீட்டு வாசலில் இருக்கலாம், பள்ளிக்கூடத்துச் சுவரோரத்தில் இருக்கலாம். அவள் தேடவில்லை. தேடினால் தெரிந்துவிடும் மகளுக்கு. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "வந்துச்சாடி?"

"இன்னும் வரல."

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும். எட்டாம் நாள், அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வந்துடுச்சும்மா. ரெண்டு இலை."

நீலப் புள்ளி தெரியுதா என்று கேட்க அவள் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.