தேயாத லைனிங்

என் புருஷன் வரதனுக்கு வண்டியில் எது கெட்டாலும் புதுசு வாங்கப் பிடிக்காது. சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்காத பொருளே இல்லை என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் விடிந்ததும் விடியாததுமாக, "ரமா, டிரெய்லருக்குப் புது கப்ளிங் போடணும், பெருசா" என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே! வியாசர்பாடியில் ரமாபாய் என்றால் டிரெய்லர்க்காரி. வண்டி என் பெயரில் இருக்கிறது. அந்தப் பெருமையில் நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

ஜாபர் பாயின் பட்டறை திருவொற்றியூரில். கப்ளிங் என்பது முன்வண்டியின் முதுகில் இருக்கும் இரும்புத் தட்டு. டிரெய்லருக்கு அடியில் இருக்கும் 'பின்' என்கிற கனமான இரும்பு முளை அதன் வாயில் போய்ப் பூட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை துறைமுகத்திலிருந்து வள்ளூருக்கு இருபத்தெட்டு டன் இயந்திரம் ஒன்றை ஏற்றிப்போக வேண்டும். போன வாரம் எர்ணாவூர் மேம்பாலத்தில் இறங்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டி சுவரில் உரசிவிட்டதாம். கப்ளிங் லூஸ் என்று பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் துறைமுக கேட்டில் இடித்ததாக அல்லவா சொன்னார்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மூணரை இன்ச்சு பின்னு போட்டுடு மாமு. ரெண்டு இன்ச்சு தாங்கல" என்றார் வரதன்.

பாய் அடியில் குனிந்து டார்ச் அடித்தார். கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார். "கல்லு மாரி கீது. உன் லோடுக்கு ரெண்டு இன்ச்சே போதும். பிரேக்க பாக்கலாம்."

"பிரேக்கு நல்லாத்தான் கீது."

"அப்ப பாக்கறதுல இன்னா பேஜாரு?"

டிரெய்லரின் ஒரு சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது லைனிங். தேய்வதுதான் அதன் வேலை. பாய் அதை விரலால் தடவிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, இத ரெண்டு வருசம் முன்னாடி நான்தான் மாட்டினேன். நான் போட்ட பெயிண்டு குறி கூட அழியல."

மடச்சி, எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. "பரவால்லியே, அவ்ளோ பதமா ஓட்டிகீறாரு!" என்றேன்.

பாய் சிரிக்கவில்லை. வரதனைப் பார்த்துக் கேட்டார். "வால்வ மூடிகினு ஓட்டறியா மாமு?"

டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று போகும் குழாயில் ஒரு பித்தளை வால்வு உண்டு. துறைமுக வாசலில் மணிக்கணக்கில் ஊர்கிற லாரி லைனில் அடிக்கு ஒரு தரம் பிரேக் போட்டால் காற்று இறங்கி வண்டி அப்படியே நின்றுவிடும். அதனால் லைனில் நிற்கிறவர்கள் அந்த வால்வை மூடிவிடுவார்களாம். மூடியிருக்கும்வரை டிரெய்லர் பிரேக் பிடிக்காது என்பதால் கேட் தாண்டியதும் திறக்க வேண்டும்.

"மொதல்ல தொறக்க மறந்துட்டேன்," என்றார் வரதன், என் முகத்தைப் பார்க்காமல். "ஒண்ணும் ஆவல. அப்பால தொறக்கறதையே வுட்டுட்டேன். பாலத்துல அமுக்கறேன், நிக்கல ரமா. பின்னாடி மொத்த லோடும் தள்ளுது. முன்னால ஒரு பொம்பள, ஸ்கூட்டில ரெண்டு பசங்கள வெச்சிகினு போவுது. செவுத்துப் பக்கம் ஒடிச்சேன்."

ஒரு வாரமாக அவர் தூங்காமல் புரண்டதற்கு நான் வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யோவ், நீயெல்லாம் மனுசனா? அந்தப் புள்ளைங்களுக்கு எதுனா ஆயிருந்தா?" என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"நீ போன் பண்ணிகினே இருப்பியே" என்றார் அவர், மெதுவாக.

லைனில் நிற்கும்போதெல்லாம் கூப்பிட்டவள் நான்தான். இன்னும் அங்கேயே கீறியா, ரெண்டாவது டிரிப்புக்கு எப்ப வருவ என்று தினமும் கேட்ட வாய் இதுதான். லைனிங் தேயாமல் இருந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

"பாய், கப்ளிங் வோணாம்," என்றேன். "அந்த வால்வ கழட்டி என் கையில குடு. குழாய நேரா ஜாயின் பண்ணிடு. ஸ்டீரிங் கிட்ட டிரெய்லர் பிரேக்குக்குத் தனியா ஒரு லிவர் போட்டுக் குடு. ஒவ்வொரு வாட்டியும் கேட் தாண்டினதும் அத இழுத்து, பின்னாடி புடிக்குதான்னு பாத்துட்டுத்தான் ரோட்டுல ஏறணும்."

வரதனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் குனிந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. "ரமா, மூணு மணி நேரமா லைன்ல கீறேன். காத்து எறங்கிப்போச்சு, வண்டி நவுரல. பின்னாடி அல்லாரும் அசிங்க அசிங்கமா திட்டறானுங்கோ."

ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது. சீக்கிரம் வாய்யா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்தப் பித்தளை வால்வு கிடந்தது.

"திட்டட்டும்யா," என்றேன். "காத்து ஏறட்டும். திட்டு வாங்கிகினே வூடு வந்து சேரு. ரெண்டாவது டிரிப்பு வோணாம்."

"சரி, சோறு எடுத்து வையி," என்றார். "லேட்டாத்தான் வருவேன்."